கூடம் மாற்றும் படலம்

எங்கள் அடுக்ககச் சங்கத்தில் செயலாளர் ஆவதற்கு ஒரே தகுதி, பொதுக்குழுவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. மற்றவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்ததால் நான் ஏகமனதாகத் தேர்வானேன். செயலாளர்தான் ஆண்டறிக்கை எழுத வேண்டும். தண்ணீர் லாரிக்கு எவ்வளவு, லிஃப்ட் ரிப்பேருக்கு எவ்வளவு, மொட்டைமாடியில் வடாம் காயப்போடுவது பற்றிய தீர்மானம் என்ன ஆயிற்று என்று நாலு பக்கம் எழுதினால் தீர்ந்தது. அந்த நாலு பக்கத்துக்கு மனம் ஒருமைப்படவில்லை. மனத்தின்மேல் குற்றம் சுமத்த மனம் வரவில்லை. பழி கணினிமேல் விழுந்தது.

வீட்டுக் கணினியில் இருப்பது லினக்ஸ். விண்டோஸ் என்றால் கம்பெனி கொடுத்த முகப்போடு அனுசரித்துக் குடும்பம் நடத்த வேண்டியதுதான். லினக்ஸில் அப்படி இல்லை. ஜன்னல்கள் எப்படித் திறக்க வேண்டும், பட்டை மேலேயா கீழேயா, அறிவிப்புகள் எந்த மூலையில் எட்டிப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிற டெஸ்க்டாப் சூழலை நாமே பொறுக்கிக்கொள்ளலாம். என்னைப் போன்ற ஆளுக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்திருக்கக் கூடாது.

முதலில் கேடிஇ பிளாஸ்மா. யுனிக்ஸ் புரோகிராம்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் இருப்பது பொறுக்காமல், சாதாரண மனிதர்களும் புழங்க ஒரே சீரான முகப்பு வேண்டும் என்று ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் 1996-இல் ஆரம்பித்தது. இன்று அதில் மாற்ற முடியாதது என்று எதையும் நான் காணவில்லை. ஜன்னலைப் பிடித்து இழுத்தால் அது தளதளவென்று ஆடும்படி செய்யலாம். வெவ்வேறு வேலைக்கான பணித்தளங்களை ஒரு கனசதுரத்தின் பக்கங்களாக ஒட்டிச் சுழற்றலாம். நடுவில் காணாமல்போன இந்தச் சுழற்சி, 2024-இல் பிளாஸ்மா 6-உடன் திரும்பி வந்துவிட்டது. வந்தவரை வரவேற்காமல் இருப்பது பண்பாடா? சுழற்றினேன். பிறகு கடிகாரத்துக்கு எழுத்துரு தேடினேன். சாயங்காலம் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, அறிக்கை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றாள்.

"கடிகாரம் முடிஞ்சிருச்சு" என்றேன்.

அடுத்தது க்னோம். கேடிஇ நம்பியிருந்த கியூட்டி என்ற நிரல் நூலகத்தின் உரிமம் அந்த நாளில் முழுச் சுதந்திர உரிமமாக இல்லை என்பதால், 1997-இல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிக்கோ மேனாவும் போட்டிக்குத் தொடங்கியது. 2011-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முழுத் துறவு. டெஸ்க்டாப்பில் ஓர் ஐகான் கிடையாது. கீழே பட்டை கிடையாது. பட்டையே இல்லாதபோது மினிமைஸ் பொத்தான் எதற்கு என்று அதையும் கழற்றிவிட்டார்கள். விண்டோஸ் விசையை அழுத்தினால் திறந்துகிடப்பவை எல்லாம் தலைகாட்டும். கண்முன்னால் எதுவும் இல்லையென்றால் மனம் வேலையில் நிற்கும் என்பது ஏற்பாடு. ஆனால் என் சுபாவத்துக்குக் கண்ணில் படாதது உலகத்திலேயே இல்லாதது. மறைந்தவற்றோடு அறிக்கையும் மறைந்தது. காலித் திரையைப் பார்த்துக்கொண்டு பரம நிம்மதியாக இருந்தேன்.

அந்த மூன்றாம் பதிப்பால் குடும்பமே உடைந்தது. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு சூழலுக்குக் குடிபோனார்; பிற்பாடு சமாதானமாகித் திரும்பினார். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டைத் தயாரிப்பவர்கள் சின்னமன் என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். அர்ஜென்டினாக்காரர் ஒருவர் பழைய க்னோமை அப்படியே காப்பாற்றி, தம் நாட்டுப் பானமான 'மாட்டே'யின் பெயரை அதற்குச் சூட்டினார். இத்தனை வரலாறும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எல்லாம் அறிக்கை எழுத உட்கார்ந்த நேரத்தில் படித்ததுதான்.

பிறகு ஐ3. 2009-இல் மைக்கேல் ஸ்டாபல்பெர்க் உருவாக்கியது. முழு டெஸ்க்டாப் சூழல்கூட இல்லை. ஜன்னல்களை மேய்க்கும் வேலை மட்டும்தான். இங்கே ஒரு ஜன்னல் இன்னொன்றின்மேல் ஏறிப் படுக்காது. திரையைச் சமபாகமாகப் பிரித்துக்கொண்டு உட்காரும். மவுஸைத் தொடாமலே காலம் தள்ளலாம். கரண்ட் பில் கட்ட உட்கார்ந்த மனைவிக்கு, கிளிக் செய்ய ஒரு பொத்தானும் அகப்படவில்லை.

"என்னங்க, இது செத்துப்போச்சா?"

"இல்லம்மா, விண்டோஸ் விசையோட டி-யைச் சேர்த்து அழுத்தணும்."

"கரண்ட் பில்லுக்கா?"

செல்போனை எடுத்துக் கட்டிவிட்டு எழுந்தவள், "கூடத்தை மாத்தி மாத்திப் பார்த்தாச்சு. ஆட்டம் எப்போ?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

நான் அசரவில்லை. பழைய வழி ஒன்று பாக்கி இருந்தது. 1986-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 'ரூம்ஸ்' என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். சின்னத் திரையில் எல்லா ஜன்னலும் முட்டிமோதுவதால், வேலைக்கு ஓர் அறை என்று பிரித்து, அறைக்கு அறை கதவு வைத்தார்கள். இன்றைய பணித்தளங்களுக்கு அது ஒரு முன்னோடி. நானும் அறிக்கைக்கு ஓர் அறை, மின்னஞ்சலுக்கு ஓர் அறை, கிரிக்கெட் ஸ்கோருக்கு ஓர் அறை என்று ஒதுக்கினேன். அறிக்கையின் அறை இன்றுவரை வெகு சுத்தமாக இருக்கிறது.

கடைசியில் அறிக்கையை மனைவிதான் எழுதினாள். அதுவும் செல்போனில், மாவு அரைபடுகிற நேரத்தில். பொதுக்குழு கைதட்டியது, எழுந்து நின்று வணங்கியவன் நான்.

இத்தனை அலைச்சலில் ஒன்று தெளிவாயிற்று. கவனம் எல்லோருக்கும் ஒரே வழியாக ஓடுவதில்லை. கண்ணில் பட்டதெல்லாம் இழுக்கும் என்றால் க்னோம் நல்லது. அறிவிப்புகளை அடக்கிவைக்க 2020-இலிருந்து அதில் தனிப் பொத்தானும் இருக்கிறது. கண்ணில் படாவிட்டால் மறந்துபோகும் என்றால், திறந்தவற்றைக் கீழே வரிசையாக நிறுத்திவைக்கும் சின்னமன் போன்றவை நல்லது. கை சும்மா இருக்காது என்பவர்கள் கேடிஇ-யின் அமைப்புகள் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஐ3-இன் அமைப்புக் கோப்பைத் திறக்கவே கூடாது.

எனக்கு இரண்டாவது வியாதியும் மூன்றாவது வியாதியும் சேர்ந்தே உண்டு. அதனால் எக்ஸ்எஃப்சிஇ-இல் அடைக்கலம் புகுந்திருக்கிறேன். பட்டை இருக்கிறது, பெயர்கள் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அது அவசரப்படாத ஜாதி: 4.12 பதிப்பு 2015-இல் வந்தது, அடுத்த 4.14 வர 2019 ஆகிவிட்டது. புதுசாக என்ன வந்திருக்கிறது என்று நோண்டுகிறவனுக்கு இதைவிடப் பத்தியம் கிடையாது.

நீங்களும் மாற்றத் துணிந்தால், நிறுவுவதற்கு முன்னால் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வீட்டில் ஆளுக்கொரு லாகின் வையுங்கள். உள்ளே நுழையும்போதே அவரவர் முகப்பை அவரவர் எடுத்துக்கொள்ளலாம், கரண்ட் பில் தடைபடாது. எது உங்களுக்கு உகந்தது என்பதற்குச் சோதனை ஒன்றுதான்: எந்த முகப்பை வைத்த பிறகு ஒரு வாரம் அமைப்புகள் பக்கம் போகத் தோன்றவில்லையோ, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.