மாத்தாத நோட்டு

அண்ணன் சட்டைப்பையில் இருக்கும் ஐநூறு ரூபாய் நோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். காந்தியின் காதோரம் ஒரு மஞ்சள் கறை, பின்பக்கச் செங்கோட்டையில் நாலாக மடித்த தழும்பு. கொடைக்கானல் மூஞ்சிக்கல் டீக்கடையில் காலை ஆறரைக்கு அது வெளியே வரும். கடைக்காரம்மா முகத்துக்கு நேரே ஒரு தடவை விரியும். காலாற நடந்துவிட்டு வந்த மாதிரி மறுபடி மடிந்து பைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

“ஐநூறாத்தேன் இருக்கு. சில்லறை இருக்காம்மா?”

இருக்காது. அது அவருக்கும் தெரியும். போணி நேரத்தில் கல்லாவில் என்ன இருக்கும், முருகன் படமும் ஊதுபத்திச் சாம்பலும்தான். போணியைக் கடன் சொன்னால் அந்த அம்மா மனசு பதறும் என்பதும் தெரியும். குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் குந்தியிருக்கும் என் பக்கம் திரும்புவார். “தம்பி, நீங்க குடுத்துருங்க. கைமாத்துதேன்.”

கைமாத்து என்றால் போன கை திரும்பவும் வரவேண்டும். அண்ணன் அகராதியில் அது ஒருவழிப் பாதை.

பணத்துக்கு அவரிடம் வேளைக்கு ஒரு பெயர் உண்டு. பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கிறார். மூட்டை வடுகபட்டி சந்தைக்கு இறங்கி, அங்கிருந்து ஏறி வருவது ‘பணம்’. மே மாதம் மாடி ரூமை டூரிஸ்ட்டுக்கு விட்டு வாங்குவது ‘அட்வான்ஸு’. அதையே நாம் அவரிடம் கேட்டால் ‘துட்டு’. “என்ன தம்பி, எந்நேரமும் துட்டு துட்டுன்னு!” டச்சுக்காரன் செப்புக்காசின் பெயர்தான் துட்டு ஆனது என்பார்கள். நம் பணம் அவர் வாயில் புகுந்ததும் செம்பாகிவிடுவது அதனால்தானோ என்னவோ. நாலணா 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டது. ஆனாலும் “யாருக்கும் நாலணா பாக்கி வச்சதில்ல” என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். பொய்யில்லை. எனக்கு 340 ரூபாய்தான் பாக்கி வைத்திருக்கிறார்.

ஏன் மாற்றுவதில்லை என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “நோட்டு முழுசா இருந்தா ஐநூறு. மாத்திட்டா உப்பு மாதிரி கரைஞ்சிரும் தம்பி, சாயங்காலம் பாத்தா நாப்பது ரூவா நிக்காது.” அனுபவஸ்தர் பேச்சு. கரைவது என்னுடையது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண மொய்க்கு மட்டும் பீரோவிலிருந்து வேறு ஐநூறு இறங்கும், அது திரும்பி வரும் பணமல்லவா. மொய் நோட்டில் அவர் பெயருக்கு நேரே 501 என்று இருக்கும். அந்த ஒரு ரூபாய் என்னுடையது.

2016 நவம்பர் 8 ராத்திரி, பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் டிவியில் சொன்னார். மறுநாள் காலை அண்ணன் கடைக்குள் நுழைந்த வேகம் இருக்கிறதே! “எல்லாருக்கும் வடை குடும்மா. தம்பி, பழைய பாக்கி எம்புட்டு?” நோட்டு கை மாறத் தயாராக நின்றது. நீட்ட எங்களிடம்தான் கை இல்லை. 2023 மே மாதம் இரண்டாயிரம் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தபோதும் அதே தாராளம்.

போனில் அனுப்பலாமே என்றால், “மேகம் எறங்கிருச்சு, டவர் எடுக்கல” என்பார். கொடைக்கானலில் மேகம் இறங்காத நாள் எது? ரூமுக்கு அட்வான்ஸு வரும்போது மட்டும் எந்த மேகத்தையும் கிழித்துக்கொண்டு டிங் என்று சத்தம் கேட்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, ஏடிஎம் இல்லை, எனக்குப் பால் வாங்கக் காசில்லை. அண்ணன் ஒரு பால்பவுடர் டப்பாவோடு வந்தார். டப்பா நிறையச் சில்லறை. பழனிக்குக் காணிக்கை முடிந்த மஞ்சள் துணியை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வீடு வீடாகக் கொடுத்தார். எனக்கு 87 ரூபாய். அதில் எட்டு, பத்து ரூபாய் நாணயங்கள். 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஜனவரியிலேயே சொல்லியும் கடைகள் வாங்க மறுத்த அதே நாணயங்கள். இருந்தாலும் எனக்குத் தொண்டை அடைத்தது. ‘இம்புட்டுச் சில்லறையை வைத்துக்கொண்டா!’ என்று வயிறு எரிந்ததும் அதே நிமிஷத்தில்தான். கரண்ட் வந்த மறுநாள் வாசலில் நின்றார். “தம்பி, அன்னைக்குக் குடுத்த பணம்...” நான் நூறு ரூபாயை நீட்டினேன்.

“அடடா, பதிமூணு ரூவா சில்லறை இல்லையே!”

எனக்குப் போனால் போகிறது. நான் ஊரில் இல்லாத நாளில் அவர் குடிக்கும் டீ யார் கணக்கு? தனியாகக் கடை நடத்தும் அந்த அம்மா, போணியில் கடன் எழுதக் கூடாது என்று அடுத்த ஆள் காசு கொடுக்கும்வரை காத்திருந்து எழுதிக்கொள்கிறார். பூண்டு விலை ஏறிய வருஷமும் அப்படித்தான். இதைச் சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. “அவரு நோட்டு மாறவே மாட்டேங்குது, எனக்குத்தேன் மூணு நோட்டு மாறிருச்சு” என்று கணக்கு நோட்டைக் காட்டினார். அண்ணன் பெயரில் 512 ரூபாய் நிற்கிறது.

அண்ணே, இனிமேல் சில்லறையே தேவையில்லை. அந்த நோட்டை முழுசாகவே கொடுத்துவிடலாம். மேலே உள்ள பன்னிரண்டு ரூபாயை நான் தருகிறேன்.