ஆதாயம், விரயம், அங்கிள்

சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் பிரித்து, எந்த ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று வாசிப்பது நம் ஊர் வழக்கம். நியூ ஜெர்சியில் எங்கள் குடியிருப்புக்கு அந்த வேலையைப் பார்ப்பவர் ரீஃபண்ட் அங்கிள். ஏப்ரல் 14 புத்தாண்டு, 15 அமெரிக்க வருமான வரிக்குக் கெடு. 1955ஆம் ஆண்டு முதல்தான் இந்தத் தேதி. அதற்கு முன் மார்ச் 15ஆக இருந்தது. தேதியைத் தள்ளிப் போட்ட வாஷிங்டன்காரர்கள் சித்திரை மாதத்தை நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை. ஆனால் அங்கிளுக்கு அதில் ஒரு தெய்வ சங்கல்பம் தெரிகிறது.

அங்கிள் கணக்குப் படித்தவர் இல்லை. ஒய்2கே பீதியில் அமெரிக்கா கோபால் என்ற கணினி மொழி தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது விமானம் ஏறியவர். அவர் வேலை பார்த்த முதல் கம்பெனி மூடிப் பல வருடமாகிறது. அதன் பெயர் பொறித்த சட்டையை இன்னும் போடுகிறார். பத்து மாதம் இருக்கிற இடம் தெரியாது. பிப்ரவரி பிறந்து, வருடச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவம் எல்லார் கைக்கும் வந்ததும் அங்கிளுக்குக் களை வந்துவிடும். புத்தாண்டை ஒட்டி வரும் சனிக்கிழமை பாட்லக்கில் அவரைச் சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பேர். பேப்பர் தட்டைத் திருப்பி, யாரிடமாவது பேனா வாங்கி, அதன் முதுகில்தான் கணக்குப் போடுவார். மறுபக்கத்து சாம்பார் ஊறி வந்து உங்கள் நிகர வருமானத்தை அழிப்பதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "என்ன தம்பி, ரீஃபண்ட் எவ்வளவு?"

ஊரில் சம்பளம் கேட்பார்கள். இங்கே அது அநாகரிகம். ரீஃபண்ட் கேட்கலாம். நீங்கள் எண்ணூறு என்றால் அங்கிள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். "எனக்கு ஏழாயிரம்" என்பார், லாட்டரி விழுந்தவர் குரலில். ரகசியம் ஒன்றுமில்லை. டபிள்யூ-4 படிவத்தில், மாதாமாதம் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பிடித்தது அதிகம், திரும்பி வருகிறது. அவர் பணம்தான், வட்டியில்லாமல் ஒரு வருடம் அரசாங்கத்திடம் தூங்கிவிட்டு வருகிறது. கசர் இல்லாத சீட்டு. ஆனால் இதைச் சொன்னால் அங்கிளுக்குக் கோபம் வரும். வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் ரீஃபண்ட் எங்கே என்று பார்க்கும் பக்கத்தை அவர் நாளுக்கு நான்கு முறை திறக்கிறார். அது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாறும் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

அடுத்தது சம்பள உயர்வு விவகாரம். போன வருடம் ஒரு பையன் பதவி உயர்வு வந்த சந்தோஷத்தில் மைசூர்பாகு கொண்டு வந்தான். அங்கிள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "வேண்டாம்னு சொல்லிடு தம்பி. பிராக்கெட் தாண்டிடும். கையில வர்றது குறைஞ்சிடும்."

பையன் முகம் மைசூர்பாகைவிட வேகமாக இறுகியது.

அமெரிக்காவில் இந்தப் பயம் தமிழருக்கு மட்டுமான சொத்து இல்லை. என் அலுவலகத்தில் ஓஹியோவில் பிறந்து வளர்ந்தவர்களும் இதையே சொல்கிறார்கள். படியைத் தாண்டினால் தாண்டிய டாலருக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். தனி ஆளுக்கு 2025 வருமானத்தில், கழிவுகள் போக 48,475 டாலர் வரை 10, 12 சதவீதப் படிகள். அதற்கு மேல் வருவதற்குத்தான் 22. உயர்வாக வந்த ஆயிரம் டாலர் முழுதும் மேல் படியில் விழுந்தாலும் மத்திய வருமான வரி 220. மற்ற பிடித்தங்கள் போனாலும் வீட்டுக்கு ஏதோ கூடுதலாகத்தான் வரும். அடிப்படிக்குப் போட்ட வரி எழுந்து மாடி ஏறாது. இதை அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லித் தேற்ற எனக்கு இருபது நிமிடம் ஆனது. மீதி மைசூர்பாகை அதற்குள் அங்கிள் முடித்திருந்தார்.

தவறாகவே சொல்வார் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படியானால் பிரச்சினையே இல்லை, அவர் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்துவிட்டுப் போகலாம். சில நேரம் அச்சாகச் சரியாகச் சொல்லித் தொலைப்பார். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோமே, அவர்களை நம்மை நம்பியிருப்பவர்களாகக் காட்டலாமா என்று ஒரு பெண் கேட்டாள். "முடியாதும்மா. அமெரிக்கக் குடிமக்களா, இல்லை இங்கே ரெசிடெண்டா இருக்கணும். கனடாவிலயோ மெக்சிகோவிலயோ குடியிருந்தாக்கூட, மத்த நிபந்தனை பொருந்தினா காட்டலாம். கும்பகோணத்துக்கு வழியில்லை." முழுக்கச் சரி. மெக்சிகோவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து மாமனாரைக் குடிவைத்தால் என்ன செலவாகும் என்று ஒருவர் செல்போனில் தேட ஆரம்பித்தார்.

ஊர்க் கோயில் கும்பாபிஷேக நன்கொடை ரசீதை நீட்டியவருக்கும் அதே கதிதான். அமெரிக்காவில் பதிவான அறநிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் கழிவு. அதுவும் 2025 வருமானத்துக்கு, செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் காட்டினால்தான். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 2025க்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர். பெரிய வீட்டுக்கடன் இல்லாதவர்கள் அதைத் தாண்டிப் பட்டியல் போடுவது அபூர்வம்.

எஃப்-1 விசாவில் வந்த மாணவன் ஒருவனிடம் அங்கிள் சொன்னதுதான் அவருடைய வாழ்நாள் சாதனை என்பேன். வந்த முதல் ஐந்து காலண்டர் வருடம் பொதுவாக 1040-என்.ஆர். படிவம்தான், எல்லாரும் வைத்திருக்கிற மென்பொருளில் சும்மா 1040 அடித்துவிடாதே. வேற்று நாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காத ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இந்திய மாணவனுக்கு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவில் உண்டு என்றார். கூட்டத்தில் ஒரு நிமிடம் அமைதி. எனக்கே காலில் விழலாம்போல இருந்தது.

எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சபையில் கேட்க மாட்டார்கள். கை கழுவும் இடத்தில், குழாய்ச் சத்தத்தில் கேட்பார்கள்: "அங்கிள், ஊர்ல என்.ஆர்.இ. டெபாசிட் கொஞ்சம் இருக்கு..."

"இந்தியாவில வரி இல்லல்ல? அப்ப இங்கேயும் இல்ல" என்றார் அங்கிள்.

ஈரத் தட்டுகளோடு அந்தப் பக்கம் வந்த அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, நிற்காமலேயே சொன்னார்: "வட்டியை இங்கே காட்டணும். எல்லாக் கணக்கும் சேர்ந்து ஒரு நாளாவது பத்தாயிரம் டாலரைத் தாண்டியிருந்தா, வெளிநாட்டுக் கணக்கைக் காட்டுற எஃப்பாரும் போடணும். மாமனாரோட ஜாயின்ட் அக்கவுன்ட்டும் சேத்தி."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் அங்கிள்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு, கம்பெனி கொடுத்த பங்குகளை 6,200 டாலருக்கு விற்றேன். என் கைக்கு வந்த அன்று அவற்றின் மதிப்பு 6,500. அது அப்போதே சம்பளமாக டபிள்யூ-2வில் ஏறி வரியும் கட்டியாயிற்று. ஆக, முந்நூறு நஷ்டம். "நஷ்டத்துக்கு எதுக்குப்பா கணக்கு? விட்டுடு" என்றார் அங்கிள். விட்டுவிட்டேன். பங்குத் தரகர் விடவில்லை; 1099-பி படிவத்தை அரசுக்கும் அனுப்பியிருந்தார். மறு வருடம் சி.பி. 2000 என்று மூலையில் அச்சிட்ட கடிதம் வந்தது. பங்கை நான் வாங்கிய விலை என்று அவர்கள் கையில் ஒன்றும் இல்லாததால் 6,200ம் லாபம் என்று வைத்து, ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வரியும் வட்டியும் கேட்டிருந்தார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை. நான் காட்டியிருந்தால் அந்த முந்நூறைச் சம்பள வருமானத்திலேயே கழித்திருக்கலாம். வருடத்துக்கு 3,000 டாலர் வரை அப்படிக் கழிக்க இடம் இருக்கிறது.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அங்கிள் வீட்டுக்கு ஓடினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "நான் சொன்னது போன வருஷ ரூல்" என்றார்.

சமையலறையிலிருந்து ஆன்ட்டி வந்து, என்னென்ன காகிதம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரத்தில் 8949 படிவம், பங்குகள் கைக்கு வந்த தேதியின் கணக்கு, ஒரு பக்க விளக்கம் மூன்றையும் உறையில் போட்டுக் கொடுத்தார். பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். மூன்று மாதம் கழித்து, கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வீட்டு வரிக் கணக்கைப் பத்தொன்பது வருடமாகப் போடுவது ஆன்ட்டி. பிப்ரவரி முடிவதற்குள் தாக்கல் ஆகிவிடும். சேர்ந்து தாக்கல் செய்வதால் கணவரும் ஒப்புதல் தர வேண்டும் அல்லவா, அதற்காக அங்கிளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஐந்து இலக்க பின் எண்ணை மட்டும் அவர் கையால் அடிக்கச் சொல்வார்.