பென்சில் தடம்

பிளஸ் டூ படித்த வருஷம், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டின் கொலை' கிடைத்தது. 1926இல் வெளியான நாவல். எனக்குக் கிடைத்தது முதுகில் பழுப்பு டேப் ஒட்டிய ஃபான்டானா பதிப்பு. இருபது பக்கம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். ஒரு பெயருக்கு அடியில் பென்சில் கோடு, ஓரத்தில் 'இந்த ஆள்தான்'. எனக்கு முன்னால் யாரோ எடுத்துப்போய் எழுதிவைத்திருந்தார்கள்.

தொண்டை அடைத்துக்கொண்டது. ரப்பரால் தேய்த்தேன். கரி போயிற்று, அழுத்தி எழுதிய தடம் போகவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரிந்தது. அந்த ஆள் மாட்டிக்கொள்ளும் பக்கத்துக்குப் போனால் போதும் என்று, ஊர்ப்பேச்சு வந்த இடங்களையெல்லாம் தள்ளிவிட்டு ஒரே ராத்திரியில் முடித்தேன். திருடு கொடுத்தவனைப் போலத்தான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

போன மாதம் ஐந்தாவது தடவை படித்தேன். அன்றைக்குத் தள்ளிவிட்ட பக்கங்களில்தான் நாவலே இருக்கிறது. கிங்ஸ் அபாட் என்ற சின்னக் கிராமம். ஓய்வு பெற்று, காய்கறி போட வந்திருக்கும் துப்பறிவாளர் பொவாரோ எரிச்சலில் மதிலுக்கு மேலே வீசிய காய், பக்கத்து வீட்டு டாக்டரின் காதோரம் பறந்து காலடியில் விழுகிறது. டாக்டரின் அக்கா கரோலின் வீட்டைவிட்டு நகராமலே, பால்காரர் வரைக்கும் ஆள் வைத்து ஊர் சேதி முழுவதையும் திரட்டிவிடுகிறாள். தன் இன்னொரு துப்பறியும் பாத்திரமான மிஸ் மார்ப்பிளுக்கு இவளே வித்தாக இருந்திருக்கலாம் என்று கிறிஸ்டி தன் சுயசரிதையில் சொல்கிறார். பதினேழு வயதில் இவளை வளவளவென்று பேசுகிறவள் என்று நினைத்தேனே!

அப்புறம் அந்த நாற்காலி. சடலத்தைப் பார்த்தபோது முன்னால் இழுத்துப் போட்டிருந்தது, போலீஸ் வந்தபோது பழைய இடத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் சேதி. வேலையாள் சொல்லும் ஒரு சாதாரண வாக்கியம். பொவாரோ அதை விடுவதில்லை. கிறிஸ்டி எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் நம் கண்ணெதிரே வைத்துவிட்டு நம்மை வேறு பக்கம் பார்க்க வைக்கிறார். ஆள் யார் என்று தெரிந்த பிறகு படித்தால்தான் இந்தக் கைவேலை புரியும். 2013இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம், அதுவரை வந்த குற்ற நாவல்களில் தலைசிறந்தது என்று இதற்கு வாக்களித்தது. முடிவு தெரிந்தவர்கள்தானே வாக்களித்திருப்பார்கள்?

ஆனாலும் முதல் தடவை தெரியாமல் படிக்கும் சுகம் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா மகள் இப்போது பிளஸ் டூ. "மாமா, அந்தப் புக்கைக் குடுங்க, யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். என் பிரதியைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம், ஒவ்வொரு துப்புக்கும் அடியில் என் பென்சில் கோடுகள். ரப்பரை எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டேன். அவளுக்குப் புதுப் பிரதி வாங்கியிருக்கிறேன். படித்தவர்கள் யாராவது அவளைப் பார்த்தால், தயவுசெய்து அந்தப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.