ஒரு தடவைதான் ஓடும்

எங்கள் திருத்தங்கலில் ஆங்கிலம் கண்ணுக்கு உரிய சமாச்சாரம். பட்டாசு லேபிளிலும் தீப்பெட்டியிலும் காலண்டர் அட்டையிலும் அதைக் கட்டுக்கட்டாக அடித்து லாரியேற்றி அனுப்புகிறோம். அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற எனக்கு ஓர் எழுத்து விழுந்திருந்தால் பத்தடிக்கு அப்பாலேயே உறுத்தும். ஆனால் அந்த பாஷையை ஒருத்தர் வாயால் பேசி இங்கே யாரும் அதிகம் கேட்டதில்லை.

இந்த லட்சணத்தில் அக்கா மகள் நர்ஸிங் முடித்துவிட்டு, இங்கிலாந்து போக ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதக் கிளம்பினாள். அதில் கேட்கும் தேர்வு என்று ஒன்று. 40 கேள்வி, சுமார் அரை மணி நேரம். ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும். ஒன்பதுக்கு ஏழாவது வாங்க வேண்டும். ஒரு தடவை சொல்லிக் கேட்கிற பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. சாப்பிட வா என்பதையே நாலு தடவை சொல்லியாக வேண்டிய குடும்பம்.

ஊரும் ஒத்துழைக்கவில்லை. 4 மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் வெடிச்சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று சர்க்காரே விதி போட்டு அடக்கிவைத்திருக்கிற வட்டாரம் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு, ஒரு லண்டன் அம்மாள் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மீதியை முனகுவதைக் கேட்டுக் கோடிட்ட இடம் நிரப்ப வேண்டும். மாரியம்மன் கோயிலில் பொங்கல் சாட்டிவிட்டால் கூம்புக்குழாயில் எல்.ஆர்.ஈஸ்வரி. மற்ற நாளில் அத்தான். ஆயுசு பூராவும் ஆஃப்செட் மெஷினோடு போட்டிபோட்டுப் பேசியவர். வீட்டில் மெஷின் இல்லை என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

முதலில் சிறுகதைகளை வைத்துப் பழகினாள். ஓ.ஹென்றி 1905-இல் எழுதிய கதை. கையில் 1 டாலர் 87 சென்ட் வைத்திருக்கும் டெல்லா, கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்கக் கூந்தலை 20 டாலருக்கு விற்றுவிடுவாள். அவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வருவான். தமிழில் சொன்னதும் என் அம்மா கண்கலங்குவாள் என்று பார்த்தோம்.

“பழனியில மொட்ட போட்டா ஒத்தப் பைசா தர மாட்டான். அங்க இருவது டாலரா?” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவளுக்கு முடி வளந்துரும். அவனுக்குக் கடியாரம் மொளைக்குமா?”

ஐயெல்ட்ஸ்காரர்கள் எழுந்து நின்று ஒன்பது போட்டிருக்க வேண்டிய பதில்.

அடுத்தது கேட்கும் தேர்வின் நாலாவது பகுதி. அதில் யாராவது ஒரு பேராசிரியர் எதைப் பற்றியாவது பிரசங்கம் செய்வார். இவளுக்கு வாய்த்தது நூலக வரலாறு. ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டிவைத்திருந்தார்களாம். அந்த வார்த்தை தெளிவாகவே காதில் விழுந்தும் இவள் நம்பாமல் கோட்டைக் காலியாக விட்டுவிட்டாள். நியாயம்தானே? நாம் சங்கிலி போடுவது தண்ணீர்ப் பந்தல் டம்ளருக்கும் பேங்க் பேனாவுக்கும்தான். புத்தகத்தை ஒருவன் திருடினால் ஊருக்கே பெருமை.

பேராசிரியர் அப்புறம் கார்னகி காசில் எழும்பிய 2,509 நூலகங்களுக்குப் போனார். சீர்காழிப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ஒரே வாரத்தில் வேலை அலுத்துப்போய், பழையபடி கணக்கு வாத்தியாராகவே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர். லண்டன் போய்ப் பார்த்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று கப்பலேற்றினார்கள். அங்கே ஒரு கடையில், துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு உருவம் வருகிற மெக்கானோ பொம்மையைக் கண்டார். புத்தகங்களையும் இப்படிப் பகுக்கலாமே என்று தோன்றியதுதான் 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியபோது தொடங்கிவைத்தவரும் அவரே. 1948-இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் அவர் உழைப்பு உண்டு. அந்தப் புண்ணியத்தில் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கட்டுகிறவர் என்றைக்காவது நூலகத்துக்குள் நுழைந்ததுண்டா என்று அத்தானிடம் கேட்டேன். அன்றைக்குப் பார்த்து அவருக்குக் காது கேட்கவில்லை.

இவ்வளவையும் நானே ஆங்கிலத்தில் பிரசங்கமாகப் பேசி, பத்துக் கேள்வியும் தயாரித்துக் கொடுத்தேன். பத்தும் சரி.

“இப்படியே போனா ஒம்பதுக்கு ஒம்பதுதாம்மா” என்றேன்.

அவள் முகத்தில் தெளிவில்லை. “மாமா, நீங்க பேசுற இங்கிலீஷ் ஒரு வார்த்த விடாம புரியுது. அதான் பயமா இருக்கு.”