டாக்டர், உங்கள் டாக்டர் யார்?

● பெயர் வேண்டாம் என்கிற அப்பா, கும்பகோணம்: என் மகள் லண்டனில் கவுன்சலிங் சைக்காலஜி டாக்டரேட்டில் சேர்ந்திருக்கிறாள். சொந்தக்காரர்களிடம் ‘கவுன்சலிங்’ என்று சொன்னால், “எந்த காலேஜ் கிடைச்சுது?” என்கிறார்களே?

அவர்களைக் குறை சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் கவுன்சலிங் என்றால் கட்-ஆஃப், ரேங்க் லிஸ்ட், சாய்ஸ் ஃபில்லிங். இலங்கைத் தமிழர்கள் ‘உளவளத்துணை’ என்று அழகாகச் சொல்கிறார்கள். இங்கே சிலர் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று எழுதுகிறார்கள். ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. உங்கள் மகளின் படிப்புக்கு இதில் பாதி பொருந்துகிறது: சொல்பவரும் அந்த வழியில் நடந்திருக்க வேண்டும். மறுபாதி பொருந்தாது: வழி சொல்லக் கூடாது!

● அதே அப்பா: வழி சொல்லாமல் இருப்பதற்கா இத்தனை ஃபீஸ்?

வழி சொல்ல நம் ஊரில் ஆட்கள் இலவசமாகவே கிடைக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து பாருங்கள். வாயை அடக்கிக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. இதை ஒரு வித்தையாக்கியவர் அமெரிக்காவின் கார்ல் ராஜர்ஸ். பாதிரியாராகலாம் என்று நியூயார்க்கில் ஓர் இறையியல் கல்லூரியில் சேர்ந்தவர், தெருவைத் தாண்டி எதிரே இருந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரிக்குப் போய் 1931-இல் உளவியலில் டாக்டரேட் வாங்கினார். 1942-இல் அவர் எழுதிய புத்தகத்தில், ஒரு நபரோடு நடந்த எட்டு அமர்வுகளையும் ஒலிப்பதிவு செய்து அச்சில் போட்டுவிட்டார். அதுவரை மூடிய அறைக்குள் நடந்த சங்கதி அது. இன்றும் மாணவர்கள், எதிரில் இருப்பவரின் சம்மதத்தோடு அமர்வைப் பதிவு செய்து, மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து கேட்கிறார்கள். எத்தனை இடத்தில் குறுக்கே பேசினோம் என்பது அப்போதுதான் தெரியும். ‘ம்’ எங்கே சொல்வது, எங்கே அதையும் சொல்லாமல் விடுவது என்று கற்க மூன்று வருடம் அதிகமில்லை.

● அம்மா, அதே வீடு: என் கணவர் முக்கியமானதைக் கேட்கவில்லை. அவளையே வாராவாரம் தெரபிக்கு அனுப்புகிறார்களாம். பெண்ணுக்கு ஏதாவது கோளாறா?

ஒன்றும் இல்லை. அது பாடத்திட்டம். 1920-இல் பெர்லினில் தொடங்கிய மனப்பகுப்பாய்வு நிலையம் சில வருடங்களில் பயிற்சிக்கு மூன்று கல் அடுப்பு ஒன்றைக் கூட்டியது. படிப்பு ஒரு கல், மேற்பார்வையில் சிகிச்சை தருவது ஒரு கல், தானே சிகிச்சைக்குப் படுப்பது மூன்றாவது கல். பிரிட்டனின் கவுன்சலிங் சைக்காலஜி அந்த மூன்றாவது கல்லை விடாமல் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் நீண்ட கால வழக்கப்படி குறைந்தது 40 மணி நேரம். சில நிலையங்களில் படிப்பு முடிகிறவரை.

காரணம் எளிது. எதிரில் இருப்பவர் தன் தாய் செத்த கதையைச் சொல்கிறார். கேட்பவருக்குத் தன் தாயின் ஞாபகம் வருகிறது. கண் கலங்குவதில் தப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு ஆறுதல் தேடுகிறோம் என்பது குழம்பிவிடக் கூடாது. தவிர, கூச்சத்தோடு அந்த நாற்காலியில் ஒருமுறையாவது உட்காராதவர், எதிர் நாற்காலியின் கூச்சத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. வாள் வீசக் கற்பவன் ஓர் அடியாவது வாங்க வேண்டும்.

உங்களைப் பற்றிப் பேசுவாளா என்பதுதானே உள்ளூர இருக்கும் கேள்வி? பேசுவாள். கணவரிடமும் சொல்லிவிடுங்கள், அவரைப் பற்றியும் பேசுவாள்.

● கல்லூரி மாணவி, திருநெல்வேலி: லண்டனில் அந்தப் படிப்பில் சேர என்ன வேண்டும்? வேலைப் பளு எப்படி?

முதலில் பிரிட்டிஷ் உளவியல் கழகம் ஒப்புக்கொள்ளும் உளவியல் பட்டம். பிறகு மனிதர்களோடு பழகிய அனுபவம்: ஹெல்ப்லைன், முதியோர் இல்லம், பள்ளி, எதுவானாலும். சேர்ந்தபின் மேற்பார்வையில் 450 மணி நேரம் நேரடியாக ஆட்களைப் பார்க்க வேண்டும். மணிக் கணக்கு நோட்டு ஒன்று வரும். அதைத் தொலைப்பது பாஸ்போர்ட்டைத் தொலைப்பதைவிட மோசம். நடுவில் ஆய்வேடு. கடைசியில் வாய்மொழித் தேர்வு.

● பேராசிரியர் (ஓய்வு), மதுரை: எட்டுப் பேரிடம் பேட்டி எடுத்து டாக்டரேட் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் காலத்தில் 400 பேருக்குப் படிவம் கொடுப்போம்!

கொடுத்தீர்கள். அதில் எத்தனை படிவத்தை ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து ஒரே பேனாவில் நிரப்பினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும் சார். எட்டுப் பேரின் பேச்சை இருமல், தயக்கம், மௌனம் உட்பட எழுத்தில் இறக்கி, வரி வரியாக உழுவது வேறு வகை உழைப்பு. அதில் பொதுவிதி கிடைக்காது என்பது உண்மை. கிடைத்ததாக யாராவது எழுதினால் கிழித்தெறியுங்கள், நான் உங்கள் பக்கம்.

● வாசகர், ஈரோடு: ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்வது நியாயமா?

அந்த லத்தீன் சொல்லுக்கே ‘ஆசிரியர்’ என்றுதான் பொருள். பிரிட்டனில் அறுவை மருத்துவரை ‘மிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள், தெரியுமோ? ஆனால் உங்கள் சண்டை பழைய சண்டை. 1926-இல் வியன்னாவில் தியோடர் ரைக் என்பவர்மேல் போலி வைத்தியர் என்று வழக்கு. மருத்துவம் படிக்காமல் மனப்பகுப்பாய்வு செய்தாராம். அவரிடம் டாக்டர் பட்டம் இருந்தது. ஆனால் ஆய்வேடு ஃப்ளோபேரின் நாவல் ஒன்றைப் பற்றியது! அவருக்காகப் பரிந்து ஃபிராய்டே ஒரு சிறு நூல் எழுதினார். வழக்கு நிற்கவில்லை. மனப்பகுப்பாய்வாளரான ஃபிராய்டின் மகள் அன்னாவும் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்தான்.

● வக்கீல், சென்னை: பிரிட்டனில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாமா?

உங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி. 2009 ஜூலை முதல் ‘கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்’, ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ போன்ற பெயர்களுக்குச் சட்டக் காவல் உண்டு. பதிவில்லாமல் போட்டுக்கொண்டால் குற்றம். வெறும் ‘சைக்காலஜிஸ்ட்’, ‘சைக்கோதெரபிஸ்ட்’, ‘கவுன்சலர்’? காவல் இல்லை. லண்டன் தெருமுனையில் நானே நாளைக்கு ஒன்று மாட்டலாம். வாசல் கதவுக்குப் பூட்டு, கொல்லைக் கதவு விரியத் திறப்பு.

● இல்லத்தரசி, சேலம்: உண்மையைச் சொல்லுங்கள். டாக்டரேட் வாங்கியவர் பேசினால் அதிகம் குணமாகுமா?

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. மனச்சிகிச்சையால் பயனே தெரியவில்லை என்று 1952-இல் லண்டனில் உளவியலாளர் ஐசங்க் ஒரு குண்டைப் போட்டார். பதில் வர இருபத்தைந்து வருடம் ஆயிற்று: 1977-இல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைத் திரட்டி, பயன் உண்டு என்று காட்டினார்கள். அப்பாடா என்று தொழிலே மூச்சு விட்டது. இரண்டே வருடத்தில் டுர்லாக் என்பவர் 42 ஆய்வுகளை அடுக்கி, பட்டம் பெற்றவர்களைவிடப் பட்டமில்லாத உதவியாளர்கள் சளைத்தவர்கள் இல்லை என்றார்! கணக்கைப் பலர் ஆட்சேபித்தார்கள். கேள்வி இன்னும் அடங்கவில்லை.

என் கட்சி இது: பட்டம் ஒருவரைக் கனிவானவராக்காது. ஆனால் தன்னால் முடியாத கேஸ் எது, யாரிடம் உடனே அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ள, மேற்பார்வையில் கழிந்த அந்த மணி நேரங்கள் வேண்டும்.

● அதே அப்பா, மறுபடியும்: செலவு?

எதிர்பார்த்தேன். அங்கே கிளினிக்கல் சைக்காலஜி மாணவருக்கு அரசு மருத்துவச் சேவை சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கிறது. கவுன்சலிங் சைக்காலஜி மாணவர் பெரும்பாலும் தானே கட்டுகிறார். ஃபீஸ் போக, தன் தெரபிக்குத் தனிக் காசு. ஆட்களைப் பார்க்கும் பயிற்சிப் பிளேஸ்மென்ட்டில் பல இடங்களில் சம்பளம் கிடையாது. இரண்டு பேரும் கடைசியில் ஒரே மாதிரி வேலைக்குத்தான் விண்ணப்பிப்பார்கள். இது அநியாயம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளே வசதியற்றவர்களின் துயரத்தைக் கேட்கும் தொழிலாக இதை ஆக்கிவிடும்.

● ஐ.டி. ஊழியர், பெங்களூரு: ஏ.ஐ. இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

1966-லேயே எம்.ஐ.டி.யில் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் ‘எலிசா’ என்ற நிரலை எழுதிவிட்டார். ராஜர்ஸ் பாணியில், நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேட்கும். அதற்கு அவர் வைத்த ஸ்கிரிப்ட்டின் பெயர் ‘டாக்டர்’. ஆய்வேடு இல்லாமல் கிடைத்த பட்டம்! அதன் சங்கதி முழுக்கத் தெரிந்த அவருடைய செக்ரட்டரியே, அதோடு பேசும்போது அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். பூரித்துப்போயிருக்க வேண்டிய வைசன்பாம் பயந்துபோனார். 1976-இல் எச்சரித்து ஒரு புத்தகமே எழுதினார்.

● மகள், லண்டன்: அப்பா கேட்ட கேள்விகளைப் படித்தேன். ஊருக்கு வந்து தொழில் செய்யலாமா?

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பதிய இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அனுமதி வேண்டும். லண்டன் பட்டம் தானாகச் செல்லும் என்று நம்பி டிக்கெட் போட வேண்டாம். முதலில் மன்றத்துக்கு எழுதுங்கள். அப்பாவுக்கும் ஒரு போன்.

● பெயர், ஊர் எழுதாத வாசகி: இரவில் தூக்கமில்லை. யாரிடமும் சொல்ல முடியவில்லை. நீங்களே ஒரு வழி சொல்லுங்களேன்.

கேட்டதற்கு நன்றி. என் நோட்டில் 450 அல்ல, ஒரு மணி நேரம்கூட இல்லை. அதனால் வழி சொல்ல மாட்டேன். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இன்று இரவே கூப்பிடுங்கள்.