சேவூரில் அளந்துவிடுபவர்

ஆரணியை அடுத்த சேவூரில், தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் காணப்படும் இந்த வகை மனிதருக்குப் பெரும்பாலும் ஐம்பது வயது கடந்திருக்கும். பாதி ஆயுளைக் குழித்தறியில் கழித்து, தறியை மகனிடம் ஒப்படைத்து, சேர்த்த பணத்தை ஊரோரத்தில் முப்பதுக்கு நாற்பது மனையாகப் போட்டு வைத்திருப்பார். அதாவது 1,200 சதுர அடி, சென்ட் கணக்கில் இரண்டே முக்கால். பாவில் ஓர் இழை அறுந்தாலும் விளக்கில்லாமலே கண்டுபிடித்த கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கு, நிலம் ‘ஏறக்குறைய’ இவ்வளவு என்ற பேச்சு பொறுக்காது. ஆகவே அளக்கிறார். தன் மனையை அளந்து முடித்தபின் பக்கத்து மனையை அளக்கிறார். அதுவும் முடிந்தால் கல்யாண வீட்டுப் பந்தல்.

இவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. முதலாவது ஜிபிஎஸ் கட்சி. இக்கட்சிக்காரர் கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மனையின் ஓரமாக மெதுவாக வலம் வருவார். பார்ப்பவர்கள் வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி நிற்பதுண்டு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் கருவி தன் இடத்தைக் கணக்கிட முடியும். திறந்த வெளியிலேயே சாதாரணக் கைபேசி சில மீட்டர் பிசகும். தென்னை மர நிழலிலும் மாடிச் சுவரோரமும் பிசகு இன்னும் கூடும். ஒரு ஏக்கர் கழனிக்கு இதை மன்னிக்கலாம். முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரே ஒரு மூலை மூன்று மீட்டர் வெளியே தள்ளிப் பதிவானால், இருநூறு சதுர அடி புதிதாக முளைத்துவிடும். அது தன் மனையில் முளைத்தால் விஞ்ஞானத்தின் வெற்றி. எதிர் மனையில் முளைத்தால் டவர் சரியில்லை.

இரண்டாவது லேசர் கட்சி. இதன் ஏழை உறுப்பினர், தச்சரும் மின்பணியாளரும் வைத்திருக்கும் லேசர் டேப்போடு நிற்பார். சுவருக்குச் சுவர் அளந்தால் அது சில மில்லிமீட்டர்தான் தவறும். வெயிலில் நிறுத்தினால் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. காலி மனையில் ஒளி பட்டுத் திரும்பச் சுவரும் கிடையாது. அதனால் எதிர் மூலையில் ஒரு பையனை நிறுத்தி, வீட்டில் கிடக்கும் பழைய ஜக்கார்டு அட்டையைப் பிடிக்கச் சொல்வார். அட்டை நிறைய ஓட்டை. லேசர் ஓட்டை வழியே புகுந்து எதிர்வீட்டுச் சுவரை அளந்துவிட்டு வரும்; நாற்பது அடி எழுபது அடியாகும். திட்டு விழுவது பையனுக்கு.

வசதியுள்ள உறுப்பினரின் இடுப்பில் தோலுறையில் தொங்குவதோ கோல்ஃப் கருவி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மருமகன் கொண்டுவந்தது. சேவூரில் கோல்ஃப் மைதானம் இல்லை என்பது அதன் மதிப்பைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பு போய்த் திரும்பும். அது போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகும். ஒளி ஒரு நானோ விநாடியில் கடப்பது சுமார் முப்பது சென்டிமீட்டர் என்பதால் உள்ளே இருக்கும் கடிகாரம் சாமானியமானதல்ல. திரையில் எண் கெஜத்தில் வரும். மீட்டருக்கு மாற்றும் பொத்தான் இருந்தும் இவர் தொடுவதில்லை; ஒன்பது கெஜப் புடவை நெய்த குடும்பத்துக்கு அது வேண்டியதும் இல்லை.

கோல்ஃப் ஆடுபவருக்கு இந்தக் கருவி எதற்கு என்று இவர் விசாரித்ததில்லை. ஆட்டக்காரர் கொடிவரை உள்ள தூரத்தைப் பார்த்து எந்தக் கோலை எடுப்பது என்று முடிவு செய்கிறார். ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் பத்துப் பதினைந்து கெஜம் வித்தியாசம் இருப்பதால், ஒரு கெஜம் முன்பின் ஆனால் குடிமுழுகிவிடாது. கொடி கண்ணில் பட்டால் லேசர் நல்லது. மரமோ மேடோ மறைத்தால் ஜிபிஎஸ் நல்லது. குழியிருக்கும் புல்தரையின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு மூன்றையும் அது சொல்லிவிடும். 2019-இல் திருத்திய விதிகள் தூரம் அளக்கும் கருவிகளைப் பொதுவாக அனுமதித்தன. ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுத் தருவதை அனுமதிக்கவில்லை. கொடைக்கானல் மைதானத்தில் அந்தத் தடை உறைக்கும், சமதரையான மைதானத்தில் அவ்வளவாகத் தெரியாது. சேவூரில் உறைப்பது அந்த ஒரு கெஜம்தான். நாற்பதடி நீளத்துக்கு மூன்றடி என்றால் 120 சதுர அடி. ஒரு தறியையே இறக்கிவிடலாம்.

வேலி ஓரத்தில் இரு கட்சியும் சந்திக்கும்போது பேச்சு இப்படிப் போகும்:

“இன்னா மாமா, மேலேர்ந்து பாத்தா நீங்க ஆடு கட்ற எடம் என் மனைலதான் வருது.”

“மேலேர்ந்து பாத்தா வரும். கீழ எறங்கி வா மாப்ள, லேசர் வெச்சுப் பாக்கலாம்.”

இவர்கள் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை எந்தக் கையேட்டிலும் இல்லை. முதலில் விடையை முடிவு செய்துகொள்கிறார்கள். அதைச் சொல்லும் கருவியே துல்லியமான கருவி. அடுத்த வாரம் வேறு விடை தேவைப்பட்டால் கட்சி மாறவும் தயங்குவதில்லை. லேசர்காரர் இரவோடிரவாக ஜிபிஎஸ்காரர் ஆகியிருக்கிறார். 1802-இல் நாட்டை அளக்கப் புறப்பட்ட நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளக்க 57 நாள் ஆயிற்று. இங்கே அளக்க ஒரு நொடி போதும். மிச்ச நாளெல்லாம் அதைப் பற்றிய பேச்சுக்கு.

முடிவில் இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் சர்வேயர் வருவார். மாமாவின் திரையையும் மாப்பிள்ளையின் திரையையும் அவர் பார்ப்பதில்லை. புலப்படத்தை விரித்து, பழைய எல்லைக்கல் எங்கே என்று கேட்பார். அது யாரோ துணி துவைக்கும் கல்லாகப் போயிருக்கும். அதன் உண்மையான இடத்தைப் படத்திலிருந்து பிடித்து, அளந்து, புதிய கல்லை நட்டுவிட்டுப் போவார். கல் இருவரும் சொன்ன இடத்தில் இருக்காது. அன்று மாலையே இரு கட்சியும் ஒன்று சேர்ந்து, சர்வேயரின் உதவியாளர் டேப்பைத் தொய்வாகப் பிடித்தார் என்று ஒரே குரலில் மறு அளவைக்கு மனு எழுதும். இணைப்பாக இரண்டு திரைகளின் படமும் போகும்.