மிதித்தால் நிற்க வேண்டும்!

மேட்டுப்பாளையம் வாசகர்: என் காரில் பிரேக் ஆயில் அளவு குறையவே இல்லை. பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?

அளவு குறையவில்லை, திறன் குறைந்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். புது 'டாட் 4' ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். குன்னூரிலிருந்து பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் சூடேறி ஆயில் கொதிக்கும், உள்ளே ஆவி உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் வண்டிக் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதுவே சரி.

விருதுநகர் வாசகி: அளவு குறைந்திருக்கிறது. மேலே கொஞ்சம் ஊற்றிவிடலாமா?

முதலில் பிரேக் பேடைப் பாருங்கள். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் அளவு இறங்கும். பேடு நன்றாக இருந்தும் குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்ததும் புதியதை நிரப்புங்கள். சக்கரத்தின் பிரேக்கில் உள்ள, ஆயிலை வெளியேற்றும் நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். துணைக்கு ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்கட்டும். நிப்பிளைத் திறங்கள், ஆயில் வரும், மூடுங்கள். அதன் பிறகுதான் பெடலை விட வேண்டும். குமிழி நின்று, தெளிந்த ஆயில் வரும்வரை இதையே தொடருங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில வண்டிகளில் இந்த வரிசை மாறும், கையேட்டைப் பாருங்கள். டப்பா ஒருபோதும் காலியாகக் கூடாது. காலியானால் காற்று புகுந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஈரோடு வாசகர்: நான் நிப்பிளில், மனைவி பெடலில். வேலை முடிவதற்குள் சண்டை வந்துவிடுகிறதே?

மூன்றே சொற்களை முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: 'மிதி', 'பிடி', 'விடு'. நிப்பிளை மூடியபின்தான் 'விடு' வர வேண்டும். அதற்கு முன்னால் கால் எழுந்தால் குழாய்க்குள் காற்று திரும்பிவிடும். பழைய வண்டியென்றால் பெடலைத் தரைவரை அழுத்த வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் சீல் கிழியலாம்.

நாகர்கோவில் வாசகர்: அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?

ஒரு துளிகூடக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய் பிரேக் முழுவதும் கெடும்.

சேலம் வாசகர்: டாட் 5 போட்டால் இன்னும் நல்லதுதானே?

எண் பெரிதென்று வாங்காதீர்கள். டாட் 5 சிலிகான் வகை. 3, 4, 5.1 ஆகியவற்றோடு கலக்கக் கூடாது. டப்பா மூடியில் எது அச்சாகியிருக்கிறதோ, அதை ஊற்றுங்கள்.

கடலூர் வாசகி: போன வருடம் திறந்த பாட்டில் பாதி இருக்கிறது...

இந்த வருடம் பயன்படாது. மூடி திறந்த நாளிலிருந்து அதுவும் ஈரம் குடித்திருக்கும். சாக்கடையில் கொட்டாதீர்கள், அது நஞ்சு. பழைய ஆயில் சேர்க்கும் பணிமனையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கரூர் வாசகர்: பெயின்டில் சிந்திவிட்டது!

படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டை அரித்துவிடும்.

கோவை வாசகர்: ஏபிஎஸ் உள்ள பைக்கில் நானே செய்யலாமா?

பல வண்டிகளில் ஆயில் மாற்றுவது சாதாரண முறைதான். ஏபிஎஸ் பகுதிக்குள் காற்று புகுந்துவிட்டால் சில வண்டிகளுக்கு ஸ்கேனர் தேவைப்படும். டப்பாவைக் காலியாக விட்டிருந்தால் பணிமனைக்கே கொண்டுபோங்கள்.

மதுரை வாசகர்: வேலை முடிந்தது. ஓட்டிப் பார்க்கலாமா?

அவசரம் வேண்டாம். பெடலைப் பலமுறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கோளாறு இருக்கிறது. நான்கு நிப்பிளிலும் ஈரம் இருக்கக் கூடாது. பிறகு ஆளில்லாத இடத்தில், மெதுவான வேகத்தில் சோதியுங்கள். பெடல் பஞ்சு போல அமுங்கினால் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவென்று நினைக்காதீர்கள். உங்கள் பிரேக்கை நம்பித்தான் எதிரே ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது.